பில்டை மனப்பாடம் செய்யாமல் கலைத்துப் பார்க்கலாமே

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் நாளிதழின் கேமிங் பக்கத்தில் ஆக்‌ஷன் ஆர்பிஜி விளையாட்டு (அரக்கர்களை அடித்து, கேரக்டரை வளர்த்துக்கொண்டே போகும் வகை) பற்றி எது வந்தாலும் கடைசியில் ‘சிறந்த பில்டு’, அதாவது கேரக்டருக்கான ஸ்கில், ஆயுதச் சேர்க்கை, என்று ஒரு பட்டியல் வந்துவிடுகிறது. எந்த ஸ்கில்லில் எத்தனை பாயிண்ட், எந்த ஆயுதம், எந்த மோதிரம், எல்லாம் அப்படியே காப்பியடிக்கத் தோதாக. ரேங்க் பட்டியலில் மேலே போக நினைப்பவர்களுக்கு அது தேவைதான். ஆனால் வேலையெல்லாம் முடித்துவிட்டு நண்பர்களோடு சேர்ந்து கொஞ்ச நேரம் ஜாலியாக ஆடுகிறவர்களும் அந்தப் பக்கத்தைப் படிக்கிறோம், எங்களுக்கு அதில் ஒன்றுமே இல்லை. இந்த வகை விளையாட்டில் அரக்கனை அடிப்பது பாதி சுகம் என்றால், மீதிப் பாதி ‘இதையும் அதையும் சேர்த்தால் என்ன ஆகும்’ என்று நாமே நோண்டிப் பார்ப்பதில் இருக்கிறது. பட்டியல் அந்த இரண்டாவது பாதியை நம் கையிலிருந்து பிடுங்கிக்கொள்கிறது.

ஒரு உதாரணம் சொல்கிறேன். 2020-ல் வந்த மைன்கிராஃப்ட் டஞ்சன்ஸ், நான்கு பேர் வரை சேர்ந்து ஆடலாம். அதில் வீரன், மந்திரவாதி என்று கேரக்டருக்குத் தனி வகுப்பே கிடையாது. கையில் இருக்கும் ஆயுதங்கள், கவசம், மூன்று ஆர்ட்டிஃபாக்ட் (சிறப்புச் சக்தி தரும் பொருள்கள்), அவ்வளவுதான் பில்டு. ஆயுதத்தில் ‘ரேடியன்ஸ்’ என்று ஒரு என்சான்ட்மென்ட் (ஆயுதத்தோடு சேரும் கூடுதல் சக்தி) வரும். அடி விழும்போது 20 சதவீத வாய்ப்பில் தரையில் ஒரு வட்டம் தோன்றும், அதற்குள் நிற்கும் நம் ஆட்கள் எல்லாருக்கும் உயிர் ஏறும். பெரிய சுத்தியலில் இது கிடைத்தால் யாருக்கும் முதலில் சந்தோஷம்தான், டேமேஜும் இருக்கிறது, ஹீலிங்கும் இருக்கிறது என்று. ஆடிப் பார்த்தால்தான் விஷயம் தெரியும். சுத்தியல் ஓங்கி இறங்குவதற்குள் கட்டாரி பல குத்து குத்திவிடும், வாய்ப்பு அடிக்கு அடி உருட்டப்படுவதால் அற்ப டேமேஜ் உள்ள கட்டாரிதான் வட்டத்தை விடாமல் போட்டுக்கொண்டே இருக்கும். டேமேஜ் எண்ணை மட்டும் பார்த்திருந்தால் அந்தக் கட்டாரியை எப்போதோ உடைத்துப் போட்டிருப்போம்.

இந்த மாற்றம் கட்டாரி வைத்திருப்பவரோடு நிற்பதில்லை, பல பேர் ஆடும் விளையாட்டில் எனக்கு ரொம்பப் பிடித்ததே இதுதான். ஒருத்தர் ஹீலிங் பக்கம் வந்துவிட்டால், வில் வைத்திருப்பவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளவென்று வைத்திருந்த ஆர்ட்டிஃபாக்டைக் கழற்றிவிட்டுத் தாக்குவதற்கு ஒன்றை மாட்டலாம். வட்டம் கிட்டத்தில் சண்டை நடக்கும் இடத்தில்தான் விழும் என்பதால் அவரும் எட்டி நிற்காமல் நெருங்கி வர வேண்டியிருக்கும், உடனே அவருடைய கவசமும் மாறும். இப்படி ஒரு மாற்றம் டீம் முழுக்க ஓடுவதை எந்தப் பட்டியலும் சொல்லாது, ஏனென்றால் பட்டியல் ஒரு கேரக்டருக்குத்தான் எழுதப்படுகிறது.

சோதித்துப் பார்க்கத் தைரியம் வருவதற்கு விளையாட்டும் இடம் கொடுக்க வேண்டும். 2000-ல் டயப்லோ 2 வந்தபோது போட்ட ஸ்கில் பாயிண்டைத் திரும்ப எடுக்கவே முடியாது. அதனால் நல்ல ஸ்கில்கள் திறக்கும் 30-ஆம் லெவலுக்குக் கேரக்டர் வளரும் வரை பாயிண்டைச் செலவழிக்காமல் சேர்த்து வைத்தவர்கள் நிறைய பேர். ரீசெட் வசதி 2010-ல் 1.13 பேட்ச்சில்தான் வந்தது. 2012-ல் வந்த டயப்லோ 3 நேர் எதிர்த் திசைக்குப் போய், திறந்த ஸ்கில்களை இஷ்டம்போல் மாற்றிக்கொள்ள விட்டது. மைன்கிராஃப்ட் டஞ்சன்ஸில் ஆயுதத்தை உடைத்தால் அதன் என்சான்ட்மென்ட்டில் போட்ட பாயிண்ட் அப்படியே திரும்பக் கிடைக்கும். முடிவுக்கு ஒரு விலை இருந்தால்தான் கேரக்டர் மேல் ஒட்டுதல் வரும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள், அதில் நியாயமும் இருக்கிறது, ஆனால் வாரத்தில் கொஞ்ச நேரம் ஆடுகிறவரிடம் அந்த விலையைக் கேட்டால் அவர் நேராகக் கைடைத் தேடித்தான் போவார்.

அப்புறம், சோதனை என்றால் கண்டதையும் மாட்டிப் பார்ப்பது அல்ல. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, அதே லெவலைத் திரும்ப ஆடினால்தான் எது வேலை செய்தது என்று தெரியும். இந்தக் கணக்கில் புதியவர்களுக்குப் புரியாத ஒரு இடம் உண்டு. ஏற்கெனவே 100 சதவீதம் கூடுதல் டேமேஜ் இருக்கும்போது அதே வகையில் இன்னொரு 20 சதவீதம் சேர்த்தால், அடிப்படை டேமேஜ் 100 என்று வைத்துக்கொண்டால், 200 என்பது 220 ஆகும், அதாவது உண்மையில் கூடுவது 10 சதவீதம்தான். அதுவே தனியாகப் பெருக்கப்படும் 20 சதவீதமாக இருந்தால் 240. பாத் ஆஃப் எக்ஸைல் என்ற விளையாட்டு இந்த இரண்டையும் வேறு வேறு சொல்லால் பிரித்தே காட்டுகிறது. எல்லா விளையாட்டும் அப்படிக் காட்டுவதில்லை. இதை உங்கள் பக்கத்தில் ஒரு முறை விளக்கினால் போதும், வாசகர் எந்த விளையாட்டுக்கும் தன் பில்டைத் தானே போட்டுக்கொள்வார்.

சொந்த பில்டோடு வருகிறவர் டீமுக்குப் பாரம் என்ற பேச்சும் அடிக்கடி காதில் விழுகிறது. முன்பின் தெரியாதவர்களோடு உச்சக் கடினத்தில் ஆடும்போது அது சரி, அங்கே சோதனை வேண்டாம். நண்பர்களுக்குள் ஆடும்போது ‘இன்றைக்குப் புதுசாக ஒன்று பார்க்கப் போகிறேன்’ என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு, கடினத்தை ஒரு படி குறைத்துக்கொண்டால் பிரச்சினை முடிந்தது. அதற்குக்கூட முகம் சுளிப்பவர்கள் எதற்காகச் சேர்ந்து ஆடுகிறார்கள் என்பது எனக்குப் புரியவில்லை.

பட்டியலை நிறுத்தச் சொல்லவில்லை. அதன் பக்கத்திலேயே அந்த விளையாட்டில் பாயிண்டைத் திரும்ப எடுக்க என்ன செலவாகும், எந்த லெவலில் பயமில்லாமல் சோதிக்கலாம், எந்த ஸ்கில் மற்றவர்களுக்கும் உதவும் என்று நாலு வரி போடுங்கள். வாசகர்கள் தாங்களே கண்டுபிடித்த விசித்திரமான பில்டுகளுக்கும் கொஞ்சம் இடம் கொடுத்தால் முதல் ஆளாக எழுதி அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் கேமிங் பக்க வாசகர்