பெரியவர்கள் டோரா பார்த்தால் என்ன?

ஆசிரியருக்கு,

சம்பாதிக்கும் வயதிலும் மழலையர் நிகழ்ச்சி பார்ப்பவர்களைக் கிண்டலடித்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். நானும் பார்ப்பவள்தான். கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் கணக்கு எழுதுகிறேன். ஆடி மாதத்தில் மஞ்சு மூடிவிட்டால் இங்கே சாயங்காலமே ராத்திரி மாதிரிதான். அந்த நேரத்தில் வீடு வந்து, மாமியாரும் மருமகளும் விஷம் வைத்துக்கொள்ளும் சீரியலையும் நாலு பேர் சேர்ந்து கத்தும் விவாதத்தையும் பார்க்கத் தெம்பில்லை.

2007-ல் சுட்டி டிவி வந்தபோது பள்ளிக்கூடத்தில் இருந்தவர்கள் நாங்கள். அதில் தமிழ் பேசிய கார்ட்டூன் சிறுமி டோராவும் அவள் குரங்குத் தோழன் புஜ்ஜியும் திருட்டுக் குள்ளநரியும் எங்களுக்குச் சொந்தக்காரர்கள் போல. எந்தெந்த இடத்தைத் தாண்டிப் போகவேண்டும் என்று டோராவின் பேசும் மேப் முதலிலேயே சொல்லிவிடும். அடுத்து என்ன என்ற பதற்றமே கிடையாது. அமெரிக்காவில் 1996-ல் தொடங்கிய ‘ப்ளூஸ் க்ளூஸ்’ நிகழ்ச்சியில் ஒரே எபிசோடை வாரத்தில் ஐந்து நாளும் போட்டார்கள். திரும்பத் திரும்பப் பார்க்கப் பார்க்கக் குழந்தைகள் அதில் இன்னும் அதிகமாகக் கலந்துகொண்டார்களாம். அலுத்து வரும் பெரியவர்களுக்கும் தெரிந்த கதைதான் இதம்.

டோரா கேள்வி கேட்டுவிட்டு, நாம் பதில் சொல்லும்வரை கண்கொட்டிக் காத்திருப்பாள். எங்கள் மேனேஜர் காத்திருந்து நான் பார்த்ததில்லை.

பழைய தமிழ் டப்பிங் எபிசோடுகளை இரவு 9 மணிக்கு மேல் அரைமணி நேரம் போடச் சொல்லி எழுதுங்களேன். நாங்கள் பார்ப்போம், கரண்ட் இருந்தால்.

– ஒரு வாசகி, கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்