துளசிக்குத் தண்ணீர் ஊற்றிய கைகளுக்கு

மகன் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பி இன்றோடு ஆறு நாள். என்ன நடந்தது என்று இதைப் படிக்கும் பெரும்பாலானோருக்குத் தெரியும். மறுபடி எழுத எனக்குத் தெம்பில்லை. இந்த நடுக்கம் அடங்குவதற்குள் நன்றி சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.

இரவு பகல் பார்க்காத மருத்துவர்கள், தாதியர், ரத்தம் கொடுத்த அவனுடைய தேசிய சேவை நண்பர்கள், வாராவாரம் மலேசியாவின் ஜொகூரிலிருந்து பாலம் தாண்டிச் சிங்கப்பூர் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நாத்தனார், கோயிலில் அவன் பெயருக்கு அர்ச்சனை செய்தவர்கள், முகம் மட்டும் தெரிந்து பெயர் தெரியாத இன்னும் பலர். எல்லாரையும் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

ஆனால் இந்த மடல் முக்கியமாக எங்கள் மாடியின் கடைசி வீட்டுச் சீனப் பாட்டிக்கு. எல்லாரும் அவரை ‘ஆ மா’ என்றுதான் கூப்பிடுவோம். பதினோரு வருட அண்டைவீட்டுப் பழக்கம், ஆனால் பேச்சு மின்தூக்கிக்குள் முடிந்துவிடும். "சூடா மாக்கான்?" என்று மலாயில் கேட்பார். சாப்பிட்டாச்சு என்று தலையாட்டுவேன்.

மருத்துவர் "இனி பொறுத்துத்தான் பார்க்க வேண்டும்" என்று சொன்ன அன்று, குளிக்க மட்டும் வீட்டுக்கு வந்தேன். வாசலில் துளசித் தொட்டி. பெருமாளிடம் சொன்னேன்: இனி உன்னோடு எனக்குப் பேச்சில்லை. விளக்கேற்றவில்லை. துளசிக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றவில்லை. மறதியில் இல்லை, வேண்டுமென்றேதான்.

மருத்துவரின் கத்தி அறுத்தாலும் நோயாளிக்கு அவர் மேல் அன்பு மாறாது, அதுபோல நீ துயரமே தந்தாலும் உன் அருளைத்தான் பார்த்திருப்பேன் என்று ஓர் ஆழ்வார் பாசுரம் உண்டு. சின்ன வயதில் அப்பா சொல்லித் தந்தது. அறுவைச் சிகிச்சை அறையின் வாசலில் நின்றபோது அதுதான் ஞாபகத்துக்கு வந்தது. ஆனால் என்னால் அப்படி இருக்க முடியவில்லை. என் மனத்தில் கோபம் மட்டும்தான் இருந்தது.

முப்பத்தெட்டு நாள் கழித்து மகனைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தோம். இந்த ஊர் வெயிலுக்குத் தொட்டிச் செடி ஒரு வாரம்கூடத் தாங்காது. காய்ந்த குச்சியைப் பிடுங்கிப் போட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே வந்தேன். துளசி தளதளவென்று நின்றது. மண் ஈரமாக இருந்தது. பக்கத்தில் ஒரு பழைய மைலோ டின், அதில் அரிசி, அதற்குள் எரிந்து முடிந்த ஊதுபத்திகளின் சிவப்புக் காம்புகள். எண்ணிப் பார்க்கவில்லை. டின் நிறைய இருந்தன.

ஆ மா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். "ஹாரி ஹாரி காசி ஆயர்" என்றார். தினம் தினம் தண்ணீர் ஊற்றினாராம். மீதியைப் பேத்திதான் விளக்கினாள். ஆ மா வாட்டர்லூ ஸ்திரீட்டில் இருக்கும், சீனர்களின் கருணைத் தெய்வமான குவான் யின் கோயிலுக்குப் போகிறவர். அங்கே கும்பிட்டுவிட்டுப் பக்கத்திலிருக்கும் நம் கிருஷ்ணன் கோயில் வாசலிலும் ஊதுபத்தி வைத்துவிட்டுத்தான் வருவார். கிருஷ்ணனுக்குச் சாத்தும் துளசி மாலையைப் பார்த்திருக்கிறார். எங்கள் வாசலில் இருப்பது சாமிச் செடி என்று அப்படித்தான் தெரிந்திருக்கிறது. வீட்டில் விளக்கெரியவில்லை, பையனுக்கு முடியவில்லை, செடியாவது இருக்கட்டும் என்று நினைத்தாராம்.

அந்த வாசலிலேயே உட்கார்ந்து அழுதேன். நான் வேண்டாமென்று போட்டுவிட்டுப் போன பூசையை, என் மொழி தெரியாத ஒருவர் எடுத்து நடத்தியிருக்கிறார். பெருமாளோடு நான் பேசாமல் இருந்த நாளெல்லாம் என் வாசலில் அவருக்குத் தண்ணீர் கிடைத்திருக்கிறது.

ஏன் என் பிள்ளைக்கு என்ற கேள்விக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை. கேட்பதை விடவும் மாட்டேன். ஆனால் இனி பெருமாள் முன்னால் விளக்கேற்றி வைத்துவிட்டு அவரிடமே கேட்பேன்.

வருகிற தைப்பூசத்துக்குச் சிராங்கூன் ரோடு பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரை பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டிருக்கிறேன். அதற்கு முன் ஒரு நாள் ஆ மாவோடு வாட்டர்லூ ஸ்திரீட் போக வேண்டும், அவர் கும்பிடும் இரண்டு இடத்துக்கும். சீன மாதத்தில் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் அவருக்குச் சைவமாம். இந்தப் பதினைந்துக்கு என் சமையல்.

மைலோ டின் துளசிப் பக்கத்திலேயே இருக்கிறது. இன்று காலை நான் ஒரு ஊதுபத்தி வைத்தேன்.