இன்ஸ்டாலரைக் குறை சொல்லுமுன் விண்டோஸைப் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இல்லாத கணினிகள் விண்டோஸ் 11-க்குத் தகுதி பெறுவதில்லை. ஆகவே, ‘கூடவே லினக்ஸையும் போட்டுக்கொள்ளுங்கள்’ என்ற யோசனை பத்திரிகைகளில் அடிக்கடி வருகிறது. நல்ல யோசனைதான், நமக்குப் புதிதும் அல்ல. 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்திலேயே விண்டோஸும், இந்தியாவில் உருவான பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்தன. ஆனால் அப்போது டிஸ்க்கைப் பிரித்தே கொடுத்தார்கள். இப்போது அந்த வேலை வீட்டில் இருப்பவர் தலையில் விழுகிறது. எழுதுகிறவர்களோ அதை ஒரே வரியில் தாண்டிவிடுகிறார்கள்.

பிழைச் செய்தி லினக்ஸை நிறுவும் மென்பொருளான இன்ஸ்டாலரில் வந்தாலும், காரணம் பெரும்பாலும் விண்டோஸ் பக்கம்தான் இருக்கும். லினக்ஸ் உள்ள பென்டிரைவைச் செருகுமுன் அங்கே மூன்றைப் பார்த்துவிட வேண்டும்.

முதலில் பிட்லாக்கர், அதாவது டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸின் குறியாக்க வசதி. டிவைஸ் என்க்ரிப்ஷன் தானாகவே இயங்கிக்கொண்டிருக்கும் மடிக்கணினிகள் பல. 48 இலக்க ரெகவரி கீயைத் தாளில் எழுதி வைத்துவிட்டு என்க்ரிப்ஷனை அணைத்து, அது முழுதும் முடியும்வரை பொறுத்திருங்கள். அடுத்தது பவர் ஆப்ஷன்ஸில் உள்ள ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். இது இருக்கும்வரை ‘ஷட்டவுன்’ என்பது பாதித் தூக்கம்தான். டிரைவ் பயன்பாட்டில் இருப்பதாகவே லினக்ஸ் எடுத்துக்கொள்ளும், அதன் அளவை மாற்ற மறுக்கும். மூன்றாவது, சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் ‘பயாஸ் மோட்’ (கணினி தொடங்கும் முறை) புதிய யூஇஎஃப்ஐ என்றிருக்கிறதா, பழைய லெகசி என்றிருக்கிறதா என்பது. பென்டிரைவும் அதே முறையில்தான் பூட் ஆக வேண்டும். பூட் மெனுவில் ஒரே பென்டிரைவ் இரண்டு வரியாகத் தெரிந்தால், யூஇஎஃப்ஐ கணினிக்கு ‘யூஇஎஃப்ஐ’ என்று தொடங்கும் வரியையே தேர்ந்தெடுக்கவும். முறை மாறினால் கடைசிக் கட்டத்தில், எந்த இயங்குதளம் வேண்டும் என்று கேட்கும் கிரப் மென்பொருளை நிறுவ முடியவில்லை என்று நிற்கும். அல்லது நிறுவி முடிந்த பிறகும் விண்டோஸ் மட்டுமே வரும்.

இடம் ஒதுக்குவதை விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டிலேயே செய்வது பாதுகாப்பு. ‘ஷ்ரிங்க் வால்யூம்’ கட்டம் எம்பி கணக்கில் கேட்கும்: 50 ஜிபி வேண்டுமென்றால் 51200. வெறும் 50 என்று அடித்துவிட்டு இடம் எங்கே என்று தேடுபவர்கள் உண்டு. சி டிரைவில் 200 ஜிபி காலியாக இருந்தும் 3 ஜிபிதான் சுருக்க முடியும் என்று வந்தால், நகர்த்த முடியாத கோப்பு ஒன்று நடுவில் உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். ஹைபர்னேஷன், பேஜ் ஃபைல், சிஸ்டம் புரொடெக்‌ஷன் மூன்றையும் தற்காலிகமாக அணைத்து, ரீஸ்டார்ட் செய்து மறுபடி முயலுங்கள். அப்போதும் மறுத்தால் ஈவென்ட் வியூவரின் அப்ளிகேஷன் பகுதியில் 259-ஆம் எண் பதிவைத் திறங்கள். தடுக்கும் கோப்பின் பெயரே அதில் இருக்கும். கிடைத்த இடத்தை ‘அன்அலொகேட்டட்’ ஆகவே விட்டுவிடுங்கள். அதில் புது டிரைவ் உருவாக்கத் தேவையில்லை.

எம்பிஆர் என்ற பழைய முறையில் பிரிக்கப்பட்ட டிஸ்க்கில் இதைவிடப் பெரிய கண்ணி ஒன்று உண்டு. அதில் பிரைமரி பார்ட்டிஷன் (டிஸ்க்கின் முதன்மைப் பிரிவு) நான்குதான் இருக்க முடியும். நான்கும் நிரம்பியிருந்தால் காலி இடத்தை லினக்ஸ் மின்ட்டின் இன்ஸ்டாலர் ‘அன்யூசபிள்’ என்று காட்டும். பதறிப்போய் விண்டோஸுக்குத் திரும்பி அங்கே பார்ட்டிஷன் உருவாக்கப் போனால், டைனமிக் டிஸ்க்காக மாற்றட்டுமா என்று அது கேட்கும். ‘யெஸ்’ கொடுக்கவே கூடாது. கொடுத்தால் இன்ஸ்டாலர் அங்கே கால் வைக்க முடியாது. விண்டோஸ் வழியாகப் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டுமென்றால் எல்லா வால்யூமையும் அழிக்க வேண்டிவரும். அதற்குப் பதிலாக, டி டிரைவில் உள்ளதை வெளியே நகலெடுத்து, அந்தப் பார்ட்டிஷனை நீக்கிவிட்டால் போதும். அந்த இடத்தில் எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷன், அதற்குள் லாஜிக்கல் பார்ட்டிஷன் என்று லினக்ஸில் அமைத்துக்கொள்ளலாம்.

இன்ஸ்டாலரில் டிஸ்க்கே தெரியவில்லை என்றால், பயாஸில் இன்டெல் ஆர்எஸ்டி என்ற டிஸ்க் நிர்வாக முறை இயங்கிக்கொண்டிருக்கலாம். அப்படியானால் ஏஹெச்சிஐ என்ற பொதுவான முறைக்கு மாற்ற வேண்டும், ஆனால் நேரடியாக மாற்றினால் விண்டோஸ் நீலத்திரையில் நின்றுவிடும். முதலில் சிஸ்டம் கான்ஃபிகரேஷனில் ‘சேஃப் பூட்’டை டிக் செய்யுங்கள். ரீஸ்டார்ட் ஆகும்போது பயாஸில் மாற்றி, சேஃப் மோடில் ஒருமுறை நுழைந்து, டிக்கை எடுத்துவிடுங்கள்.

இன்ஸ்டாலருக்குள் போன பிறகு, 100 அல்லது 260 எம்பி அளவில் தெரியும் இஎஃப்ஐ பார்ட்டிஷனை அப்படியே பயன்படுத்துங்கள். அதன் ‘ஃபார்மட்’ கட்டத்தை டிக் செய்தால் விண்டோஸின் பூட் கோப்புகள் போய்விடும். ‘இரேஸ் டிஸ்க்’ என்ற தேர்வு இரட்டை பூட் வேண்டுவோருக்கானதே அல்ல.

தவறிப் பார்ட்டிஷன் அழிந்துவிட்டால் அந்த டிஸ்க்கில் ஒன்றும் எழுதக் கூடாது, மறுபடி இன்ஸ்டால் செய்யவும் கூடாது. பென்டிரைவிலிருந்து லினக்ஸை லைவாக (நிறுவாமலே) ஓட்டி, டெஸ்ட்டிஸ்க் மென்பொருளால் பழைய பார்ட்டிஷன் அட்டவணையைத் தேடுங்கள். மேலெழுதப்படாதவரை மீட்க வாய்ப்பு உண்டு.

— வாசகர் ஒருவர், திருச்சி