மேட்டு லயன் அக்காவின் மஞ்சப்பை

கோத்தகிரி

அன்புள்ள மல்லி,

உன் மகளுக்கு வேலை கிடைத்ததைப் பெரியம்மா சொன்னாள். ரொம்ப சந்தோஷம். முதுகு வலிக்கு யாரோ சொன்ன எண்ணெயைத் தேய்த்துக்கொண்டு இருக்காமல் டாக்டரைப் பார். இங்கே எல்லாரும் சுகம், குளிர்தான் தாங்கவில்லை.

தோட்டத்து மேட்டு லயன் வரிசை வீட்டில் இருந்த அத்தான் போய்விட்டார். நெஞ்சு வலிக்கிறது என்றவரை ஜீப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது. 53 வயசுதான். தோட்டத்து லாரியில் நம்மை ஏற்றிக்கொண்டு போய் கங்காணி தாத்தாவிடம் திட்டு வாங்கிய மனுஷன். உனக்கு உடனே போன் பண்ணியிருப்பேன், இரண்டு வார்த்தை பேசுவதற்குள் அழுகைதான் வந்திருக்கும்.

காரியம் முடிந்த மறுநாள் அக்கா ஒரு மஞ்சப்பையை என் முன்னால் கொட்டினாள். "டீச்சர் வேலை பார்க்கிறவ, நீயே பார்த்துச் சொல்லு" என்றாள். பாஸ்புக், ரேஷன் கார்டு, டெபாசிட் ரசீது, வாரத் தவணை கட்டுகிற மகளிர் குழு லோன் அட்டைகள். தரையில் பரப்பிப் பார்த்தால் வயிறு எரிந்தது மல்லி. குழு லோன் அட்டை மூன்றிலும் அவள் பேர். டெபாசிட்டில் அவள் பேர் இல்லை. கடன் என்றால் அவள் கையெழுத்து, சேமிப்பு என்றால் அவர் பேர். இந்த மலையில் எத்தனை வீட்டு மஞ்சப்பையைக் கொட்டினாலும் இதேதான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

அந்த டெபாசிட் என்ன பணம் தெரியுமா? அவளுடைய சர்வீஸ் காசு, கிராஜுவிட்டி. 18 வயசில் கொழுந்துக் கூடை மாட்டியவள், முட்டி வலி தாங்காமல் வேலையை விட்டபோது 30 வருஷ சர்வீஸ். வருஷத்துக்கு 15 நாள் கூலி, 1972-ல் சட்டம் வந்த காலத்துக் கணக்கு. கடைசிக் கூலி நாளுக்கு 400 என்று வைத்தால் 1,80,000 ரூபாய். அவள் கணக்கில்தான் விழுந்தது. "ஆம்பளை பேருல இருந்தா பத்திரம்" என்று யாரோ சொல்ல, மறு வாரமே அத்தான் பேரில் டெபாசிட் ஆகிவிட்டது. நாமினி யார் என்று பார்த்தால் அத்தானின் தம்பி! கல்யாணத்துக்கு முன்னால் தொடங்கிய கணக்கு, அப்போது கொடுத்த பேரையே இதற்கும் கொடுத்துவிட்டார். பி.எப்.பில் அப்படி எழுதின நாமினி கல்யாணத்தோடு செல்லாமல் போய்விடும். வங்கியில் அந்த விதி இல்லையாமே? பேங்க் கவுன்ட்டரில் உட்கார்ந்தவள் நீ, பைசா பாட்டி, நீதான் சொல்ல வேண்டும்.

நாமினி பணத்தை வாங்கிக் கொடுக்க வேண்டிய ஆள்தான், சொந்தக்காரர் வாரிசுகள்தான் என்று எல்லாருக்கும் எடுத்துச் சொன்னேன். வாரிசு யார்? அக்கா, இரண்டு பிள்ளைகள், மாமியார். நாலு பேருக்கும் சம பங்கு. அவள் மழையிலும் அட்டைக் கடியிலும் நின்று சம்பாதித்த காசில் அவளுக்கு நாலில் ஒன்று. கொழுந்தன் தங்கமான பையன், அப்படியே கொடுத்துவிடுவான் என்கிறார்கள். கொடுப்பான், நானும் நம்புகிறேன். ஆனால் ஒரு பொம்பளை தன் சொந்தக் கூலியை இன்னொருத்தரின் நல்ல மனசை நம்பியா வாங்க வேண்டும்?

ஒரு நல்லதும் நடந்தது. அத்தானின் பாஸ்புக்கை வரி வரியாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். மே மாசக் கடைசியில் 436 ரூபாய் கழிந்திருந்தது. போன வருஷமும் அதே சமயத்தில் அதே 436. பிரதமர் ஜீவன் ஜோதி காப்பீடு! எப்படி இறந்தாலும் 2 லட்சம். வீட்டில் ஒருத்தருக்கும் தெரியாது. வங்கியில் விசாரித்தால் அதில் நாமினி அக்காதான். அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து அழுதாள். அந்த ஒரு வரியை நாங்கள் பார்க்காமல் விட்டிருந்தால்? இப்படி எத்தனை வீட்டில் யாரும் கேட்காமலே போயிருக்கும்?

அதிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. சாயங்காலம் பெண்களைக் கூப்பிட்டு அவரவர் பாஸ்புக்கைக் கொண்டுவரச் சொல்கிறேன். 2023 செப்டம்பரில் உரிமைத்தொகை 1000 ரூபாய் வர ஆரம்பித்த பிறகுதான் பலருக்குத் தன் பேரில் ஒரு கணக்கு ஓடுகிறது. அதிலும் பாதிப் பேரின் ஏ.டி.எம். கார்டு மகன் சட்டைப் பையில். ஒருத்தியின் கார்டு உறையில் பின் நம்பர் பேனாவால் எழுதியிருக்கிறது, அவளுக்கு மட்டும் அது என்ன என்று தெரியவில்லை. அவளுக்குக் கோபம் வரட்டும் என்று நானே கோபப்பட்டேன். கணக்கு வராது என்று இவர்களே சொல்லிக்கொள்வதுதான் எனக்கு ஆறவில்லை. எத்தனை கிலோ பறித்தோம், எடை போடுகிறவன் எவ்வளவு கழித்தான் என்று கிராம் பிசகாமல் சொல்கிறவர்கள் இவர்கள்!

அதனால் நீ வர வேண்டும் மல்லி. நான் சொன்னால் "டீச்சர் சொல்லுது" என்று தலையாட்டுகிறார்கள். கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தவள், இதே லயனில் பிறந்தவள் சொன்னால் வேறு. வங்கியில் நாமினி எழுதிக் கொடுக்கிற படிவம் ஒரு கட்டு கொண்டு வா. 2025 நவம்பரிலிருந்து நாலு நாமினி வரை போடலாம் என்பதையும், இரண்டு பேர் பேரிலும் கணக்கு வைத்து, யார் இருக்கிறார்களோ அவர்கள் எடுத்துக்கொள்கிற ஏற்பாட்டையும் நீயே விளக்கு. பிளாட் வட்டி 12 சதவீதம் என்று, கட்டக் கட்டக் கடன் குறைந்தாலும் முதலில் வாங்கிய முழுத் தொகைக்கே வட்டி போடுகிற லோனில் உண்மையான வட்டி ஏறக்குறைய இரண்டு மடங்கு என்பதைக் கரும்பலகையில் போட்டுக் காட்டு. அன்றைக்கு நீ வாயை மூடாமல் பேசலாம், ஹாஸ்டல் மாதிரி யாரும் லைட்டை அணைக்க மாட்டார்கள்.

அதற்கு முன்னால் அவசரமாக ஒன்று. அக்காவின் குழு லோன் அட்டையில் கடன் கொடுக்கும்போதே இன்சூரன்ஸ் என்று ஒரு தொகை பிடித்திருக்கிறது. அது கணவர் இறந்தாலும் பொருந்துமா, மீதித் தவணை தள்ளுபடி ஆகுமா? வசூலுக்கு வருகிற பையன் மழுப்புகிறான். அட்டையைப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன், பார்த்துச் சொல். அடுத்த தவணை செவ்வாய்க்கிழமை.

அன்புடன்,
உன் தோழி