எலேயைக் கொண்டுவந்து சேர்த்தவர்களுக்கு

எங்கள் வீட்டு நாய் எலேக்காக எழுதுகிற இந்த மடல் யார் யாருக்குப் போய்ச் சேரும் என்று தெரியவில்லை. உங்களில் பாதிப் பேரின் பெயர் எங்களுக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் “பேரெல்லாம் போட வேண்டாம்” என்று சொல்லிவிட்டீர்கள். அதனால் நீங்கள் செய்த காரியத்தை வைத்தே கூப்பிடுகிறேன். படித்தால் உங்களுக்கே விளங்கும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளைப் பற்றி எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர்க்காரர்களுக்காக இரண்டு வரி: தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை பெய்தது. அந்த மாவட்டத்தில் ஒரு வருடம் முழுக்கப் பெய்வதைவிட அதிகம். தாமிரபரணி ஒரு பக்கம், உடைந்த குளங்கள் இன்னொரு பக்கம். ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் திருச்செந்தூர் ரயில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு மாட்டிக்கொண்டதை டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். ஏரல் பக்கத்து ஊர்களுக்கு போன்கூடப் போகவில்லை. அந்தப் பக்கம் ஒரு வாழைத்தோட்டத்தை ஒட்டிய ஓட்டுக்கூரை மேல் நின்றுகொண்டிருந்த செவலை நாய்தான் இப்போது பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டில் இருக்கிறான்.

படகுக்கார அண்ணன்மார்களே, முதலில் நீங்கள். கடற்கரையிலிருந்து பைபர் படகை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தீர்கள். கடலில் ஓட்டுகிற படகை, மேலே கரண்டு கம்பி, அடியில் வேலிக்கல் என்று பார்த்துப் பார்த்துத் தோட்டத்துக்குள் ஓட்டுவது எவ்வளவு சிரமம் என்பது உங்களில் ஒருவர் போனில் சொன்னபோதுதான் புரிந்தது. ஆட்களையெல்லாம் கரைசேர்த்த பிறகு, இவனுக்காக ஒரு நடை திரும்பிப் போயிருக்கிறீர்கள். தூக்கியவர் கையை இவன் கடித்தான். அப்படியும் தண்ணீரில் போட்டுவிடாமல், “பயத்துல கடிக்கான், விடுல” என்று சொல்லி பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தீர்களாம். கடிக்கு இவன் சார்பில் நாங்கள் மன்னிப்புக் கேட்கிறோம். அரசு ஆஸ்பத்திரியில் தவணை தவறாமல் ஊசி போட்டுக்கொண்டீர்களே, அதற்குத் தனியாக ஒரு நன்றி. அது முடியும்வரை அம்மா தினமும் உங்களைப் பற்றித்தான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கல்யாண மண்டபத்து முகாமில் நாயை உள்ளே விடவில்லை. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, கைக்குழந்தைகள் படுத்திருந்த இடம். சமையல்கட்டில் நின்ற அக்கா, நீங்கள்தான் பின்வாசலில் சாக்கு விரித்து, சோறு வைத்து, யாரும் கல்லெறியாமல் பார்த்துக்கொண்டீர்கள். அங்கே துணி பிரித்துக் கொடுக்கப் போன என் தம்பி போன் பண்ணி, “கூட்டிட்டு வரட்டா?” என்று கேட்டான். “கொஞ்ச நாளைக்குன்னா சரி” என்றாள் அம்மா. அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை. நிவாரண அரிசியை இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பிய லோடு வண்டி அண்ணாச்சி, வாடகை வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஒரு டீயோடு கிளம்பினீர்கள். வண்டியில் அவன் வாந்தி எடுத்ததைக் கடைசிவரை நீங்கள் சொல்லவேயில்லை. தம்பி சொல்லித்தான் தெரியும்.

ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரி டாக்டர்களுக்கும் மாணவர்களுக்கும் என்ன சொல்வது! நாங்கள் காலில் இருந்த புண்ணைக் காட்டத்தான் போனோம். நீங்கள் வெள்ளத்தில் கிடந்த நாய் என்றதுமே எலிக்காய்ச்சல் இருக்கிறதா என்று ரத்தம் எடுத்தீர்கள். எலி மூத்திரம் கலந்த தண்ணீரில் அது பரவும், நாய்க்கு வந்தால் நமக்கும் ஒட்டலாம், அதனால் முடிவு வரும்வரை அவன் மூத்திரத்தைக் கையுறை போட்டுத்தான் துடைக்க வேண்டும் என்று பொறுமையாக விளக்கினீர்கள். நல்லவேளை, அப்படி ஒன்றும் இல்லை. பட்டினி கிடந்த வயிற்றுக்கு ஒரேயடியாகப் போடாதீர்கள், கஞ்சியும் முட்டையுமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள் என்றதும் நீங்கள்தான். இல்லாவிட்டால் எங்கள் அம்மா முதல் நாளே கறிக்குழம்பு வைத்திருப்பாள்.

அன்றைக்குக் கழுத்தில் கிடந்த நைலான் கயிற்றை வெட்டி எடுத்த டாக்டர், அதை எங்கள் கையில் கொடுத்து நுனியைப் பார்க்கச் சொன்னார். ஒரு முழம்தான் இருக்கும். கடித்துக் குதறிய அடையாளமே இல்லை. பச்சைக் கயிறு, ஒரே வெட்டு. “யாரோ அறுத்து விட்டிருக்காங்க. இல்லேன்னா இது பொழச்சிருக்காது” என்றார். அந்த யாரோவுக்கு அப்புறம் வருகிறேன்.

கூட இருந்த மாணவி ஒருவர் சொன்னதுதான் எங்களுக்குப் பெரிய பாடம். கொஞ்சாதீர்கள், கழுத்துப் பக்கம் கையைக் கொண்டுபோகாதீர்கள், கண்ணைப் பார்க்காதீர்கள், முதுகைக் காட்டிக்கொண்டு சும்மா உட்காருங்கள் என்றார். எங்கள் வீட்டில் சும்மா உட்காரத் தெரிந்தவர் அப்பா ஒருவர்தான். தினமும் காலையில் மாடிப்படிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பேப்பர் படித்தார். விளம்பரம்வரை ஒன்று விடாமல் படித்துவிட்டார். சில வாரம் கழித்து ஒருநாள் அவன் தானாக இறங்கி வந்து, அவர் முதுகில் தலையை முட்டி, அப்படியே சாய்ந்துகொண்டான். அப்பா திரும்பவில்லை. பேப்பரைத் தலைகீழாகப் பிடித்திருந்தார்.

மாடிப்படி என்றேனே, அதுதான் அவன் வீடு. தரையில் படுக்க மாட்டான். எங்காவது தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டால் நேரே மொட்டைமாடிக்கு ஓடிவிடுவான். மழைதான் என்றில்லை. தெருவில் எந்த வீட்டு மேல்தொட்டி நிரம்பி வழிந்தாலும் இவனுக்கு வெள்ளம் வந்த மாதிரி. எதிர்வீட்டு அக்கா, முன்பெல்லாம் உங்கள் மோட்டார் ஓடுவதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டது உங்களுக்கும் தெரியும். இவனுக்காக மோட்டாருக்குத் தானாக நிற்கிற சுவிட்சு வாங்கி மாட்டிவிட்டீர்கள்! தெருவுக்கே உபகாரம்.

இவனைத் தேடி வீட்டுக்காரர்கள் யாராவது அலைவார்கள் என்று போட்டோவை முகாமிலும் ஏரல் கடைத்தெருவிலும் கொடுத்து வைத்திருந்தோம். டீக்கடை அண்ணாச்சி, போட்டோவைக் கல்லாப்பெட்டி மேல் ஒட்டிவைத்து, இவனை வளர்த்த ஆச்சியைக் கண்டுபிடித்துக் கொடுத்தவர் நீங்கள்தான்.

ஆச்சி, நீங்கள் வந்த அன்று படியில் படுத்திருந்தவன் அழுதுகொண்டே ஓடிவந்ததைப் பார்த்தபோது, அவனைத் திருப்பிக் கொடுத்துவிடுவதுதான் முறை என்று முடிவே செய்துவிட்டோம். நீங்கள்தான் வேண்டாம் என்றீர்கள். மண்சுவர் வீடு போய்விட்டது, கோவில்பட்டியில் மகளுக்கு லைன் வீடு, ஒரே அறை. “எனக்கே அங்க எடம் கெடையாது, இவனை எங்க கொண்டு போவ? நல்லாத்தான வச்சிருக்கிய” என்றீர்கள். பேர் கேட்டோம். “பேரா? எலேன்னா வருவான்.” நாங்கள் வைத்த புரூனோ என்ற பேருக்கு அவன் ஒருநாளும் திரும்பாததும், தெருவில் பையன்கள் கத்தும்போதெல்லாம் எழுந்து ஓடியதும் ஏன் என்று அப்போதுதான் புரிந்தது. திருநெல்வேலியில் ஒரு நாய்க்கு எலே என்று பேர் இருந்தால் அதற்கு ஓய்வே கிடையாது.

கயிற்றின் கதையையும் நீங்கள்தான் சொன்னீர்கள். தண்ணீர் இடுப்புக்கு வந்தபோது உங்களைத் தோளில் தூக்க வந்த பக்கத்துவீட்டுப் பையனிடம், இவன் கட்டை அறுத்தால்தான் வருவேன் என்று நின்றிருக்கிறீர்கள். அவன் இடுப்பில் வாழையிலை அறுக்கிற கத்தி இருந்திருக்கிறது. தம்பி, உங்கள் பேர் இப்போது எங்களுக்குத் தெரியும், ஆனால் எழுதவில்லை. ஒரு ஆளைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டிய நேரத்தில் நாய்க்காக ஒரு நொடி ஒதுக்கினீர்கள். மழை எச்சரிக்கை வரும்போதெல்லாம் எங்கள் தெருவில் ஆடு, மாடு, நாய் எதையும் கட்டிப்போடாதீர்கள் என்று அப்பா வீடு வீடாகச் சொல்லிவிட்டு வருகிறார். அது உங்களால்தான்.

இந்த 2024 டிசம்பரிலும் 12, 13 தேதிகளில் மழை கொட்டியது. ஆற்றில் வெள்ளம் வந்து குறுக்குத்துறை முருகன் கோயிலைச் சூழ்ந்துவிட்டது. எலே முதல் இடிக்கே மொட்டைமாடிக் கதவுக்குப் போய்விட்டான். அப்பா பாயும் தலையணையுமாக அவனோடு போய்ப் படுத்துக்கொண்டார். ஆனால் காலையில் தோசைக்கல் சத்தம் கேட்டதும், மழை விடுவதற்கு முன்பே இறங்கி வந்தான். போன வருடமாக இருந்தால் வந்திருக்க மாட்டான்.

ஆச்சி, பொங்கலுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். கட்டாயம் வாங்க. கருவாடு மட்டும் கொண்டுவர வேண்டாம். உப்பு ஆகாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். போன தடவை நீங்கள் கொடுத்ததை அவன் தின்றுவிட்டு ராத்திரி முழுக்கத் தண்ணீர் குடித்தான்.