பக்கத்தில் நிற்பவரையும் ஒரு வார்த்தை கேளுங்கள்

இறுதி நிலை நோயாளிகளைக் கவனிக்கும் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும்,

வணக்கம். என் அம்மாவைப் புற்றுநோயின் கடைசி மாதங்களில் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டவள் நான். அம்மாவின் வலி பத்துக்கு எத்தனை, தூங்கினாரா, மலம் கழித்தாரா என்று ஒவ்வொரு முறையும் பொறுமையாகக் கேட்டார்கள். அதற்கு இன்றும் நன்றியோடு இருக்கிறேன். என்னிடம் கேட்டதெல்லாம் மாத்திரையை நேரத்துக்குக் கொடுக்கிறேனா என்பது மட்டும்தான். என்னைப் போலப் பக்கத்தில் நிற்பவர்களுக்காகத்தான் இந்த மடல்.

அவர்களையும் கவனியுங்கள் என்பது நான் புதிதாகக் கேட்பதல்ல. வலியையும் வேதனையையும் குறைக்கும் நோய்த்தணிப்பு சிகிச்சையால் நோயாளியின் வாழ்வோடு அவர் குடும்பத்தின் வாழ்வும் மேம்பட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2002-இல் தந்த வரையறையே சொல்கிறது. 1967-இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸ் என்ற, இறுதி நிலை நோயாளிகளுக்கான இல்லத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ், வலி என்பது உடலோடு நிற்பதில்லை, அதற்குள் மனமும் உறவுகளும் இருக்கின்றன என்று எடுத்துச் சொன்னவர்.

கவனித்துக்கொள்கிறவரின் உடலையும் இந்தச் சுமை விடுவதில்லை. துணையைப் பராமரிக்கும் முதியவர்களை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 1999-இல் வெளியான ஷுல்ஸ், பீச் ஆய்வில், பராமரிப்பால் மனஅழுத்தத்துக்கு ஆளானவர்களின் இறப்பு அபாயம் அந்தப் பொறுப்பில்லாதவர்களுடையதைவிட 63 சதவீதம் அதிகமாக இருந்தது. பராமரித்தும் அழுத்தம் இல்லாதவர்களிடம் அப்படியொரு தெளிவான உயர்வு தென்படவில்லை. அழுத்தத்தைக் குறைக்க முயல்வது வீண்வேலை இல்லை என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

எங்களை அரித்துத் தின்பவற்றில் பாதி, யாரும் முன்கூட்டியே சொல்லாததால் வருபவை. சாப்பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். கடைசி நாட்களில் உடலுக்குப் பசி அடங்கிவிடும், வற்புறுத்தி ஊட்டினால் புரையேறும் என்பது உங்களுக்குத் தெரியும். எங்களுக்குத் தெரியாது. "இன்னும் ஒரு வாய்" என்று கெஞ்சிக்கொண்டே இருப்போம். பிறகு, பட்டினி போட்டு அனுப்பிவிட்டோமோ என்று வருடக்கணக்கில் நினைத்துக்கொண்டிருப்போம். மூச்சு நின்று நின்று வருவதும், தொண்டையில் கரகரவென்று சளி ஓசை கேட்பதும் அப்படித்தான். அந்த நிலையில் நோயாளிக்குப் பெரும்பாலும் நினைவு மங்கியிருக்கும், கேட்கிற நமக்கிருக்கும் வேதனை அவருக்கு இருக்காது என்று முதல் நாளே ஒருவர் சொல்லியிருந்தால் அந்த இரவுகள் வேறு மாதிரி கழிந்திருக்கும்.

எல்லாவற்றிலும் கொடியது, வலி மருந்தான மார்ஃபின் தரும் குற்றவுணர்வு. வலிக்கேற்ப அளந்து கொடுக்கும் மார்ஃபின் உயிரைப் பறிப்பதில்லை. ஆனால் யாரோ ஒருவர் கொடுத்த வேளைதான் கடைசி வேளையாக அமையும். கொடுத்தது மகனாகவோ மனைவியாகவோ இருப்பார். "நான்தான் கொன்றுவிட்டேனா?" என்ற கேள்வியை அவர் வெளியே சொல்லவும் மாட்டார். மருந்தைக் கையில் கொடுக்கும் அன்றே, "மரணம் வந்தால் அது நோயால் வருவது, உங்கள் கையால் அல்ல" என்று சொல்லிவிடுங்கள். அந்த ஒரு வாக்கியத்துக்கு அரை நிமிடம்கூட ஆகாது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். "சீக்கிரம் முடிந்துவிட்டால் தேவலை" என்ற நினைப்பு எங்கள் எல்லோருக்கும் ஒரு நேரமாவது வருகிறது. பாசம் இல்லாதவருக்கு வருவதல்ல அது. வலியைப் பக்கத்திலிருந்து பார்க்கிறவருக்கு வருவது. பார்க்க வரும் உறவினர்களிடம் இதைச் சொல்ல முடியுமா? அவர்கள் "தைரியமா இரு" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். நோயாளியின் முன்னால் வாயே திறக்க முடியாது. அதனால் எங்களை அறைக்கு வெளியே தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள். இழப்புக்கு முன்பே துக்கம் தொடங்கிவிடும் என்று மனநல மருத்துவர் எரிக் லிண்டெமன் 1944-இலேயே எழுதியிருக்கிறார். அது இயல்புதான் என்று வெள்ளை அங்கி போட்ட ஒருவர் சொன்னால் எங்களுக்குப் பெரிய ஆறுதல்.

உங்களுக்கு நேரமில்லை என்பது தெரியும். ஒரே நாளில் நீங்கள் எத்தனை பேரைப் பார்க்கிறீர்கள் என்பதைக் கண்ணால் கண்டவள் நான். ஆனால் பராமரிப்பவரின் சுமையைக் கேள்விகளால் அளக்க 1980-இல் ஸாரிட் என்ற ஆய்வாளரின் குழுவினர் உருவாக்கிய அளவீடு இருக்கிறது. பின்னர் வழக்கத்துக்கு வந்த அதன் வடிவத்தில் 22 கேள்விகள். எல்லாவற்றுக்கும் நேரமில்லையென்றால் கடைசிக் கேள்வியை மட்டுமாவது கேளுங்கள்: மொத்தத்தில் உங்களுக்கு எவ்வளவு பாரமாக இருக்கிறது? பதில் மோசமாக இருந்தால் மனநல ஆலோசகரிடம் அனுப்புங்கள். ஓரிரு நாள் மாற்றி விடக்கூடிய ஆள் வீட்டில் யார் என்று விசாரியுங்கள். "நீங்கள் தூங்கியே ஆக வேண்டும்" என்பதையும் மருந்துச் சீட்டில் எழுதுங்கள். நீங்கள் எழுதிக் கொடுத்தால்தான் வீட்டில் மற்றவர்கள் ஒத்துக்கொள்வார்கள்.

இறப்புச் சான்றிதழோடு எங்களுக்கும் உங்களுக்கும் உள்ள தொடர்பு அறுந்துபோகிறது. ஆனால் நோயின் ஒவ்வொரு கட்டத்தையும் பார்த்தவர்கள் நீங்கள் மட்டும்தான். துக்கம் ஆறு மாதத்துக்கு மேலும் அன்றாட வாழ்க்கையை முடக்கிப்போட்டால் அதைத் தனி மனநலக் கோளாறாகவே நோய்களுக்கான பன்னாட்டு வகைப்பாட்டின் 11-ஆம் பதிப்பு வகைப்படுத்துகிறது. எனவே சில வாரங்கள் கழித்து ஒரு முறை, ஆறு மாதம் கழித்து இன்னொரு முறை அந்த வீட்டுக்குத் தொலைபேசியில் அழைக்க உங்கள் பிரிவில் ஒருவரை நியமியுங்கள்.

இப்படிக்கு,
பார்த்துக்கொண்ட ஒரு மகள்