கட்டடத்துக்கு இல்ல, கூட நிக்க ஒரு ஆளுக்கும் ராத்திரி ஆட்டோ ஹையருக்கும் ஒரு போனுக்கும்தான் காசு கேக்குறோம்

எல்லாருக்கும் வணக்கம். ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா, பொகவந்தலாவ பக்கத்து தேயிலை தோட்டங்கள்ல இருக்கிறவங்க, இங்கருந்து கொழும்புக்கு வேலைக்கு போனவங்க, துபாய் குவைத்ல கஷ்டப்படுற அக்காமார், எல்லாருக்கும் சேத்துத்தான் எழுதுறோம். வீட்டுக்குள்ள அடி வாங்கி, இதுக்கு மேல உயிர் போயிரும்ங்கிற நெலமையில இருக்கிற பொம்பளைங்களுக்காக கமிட்டியா சேந்து ஒரு நிதி சேக்குறோம். கட்டடம் கட்டப்போறது இல்ல, அத மொதல்லயே சொல்லிர்றோம், ஏன்னா நன்கொடைனு வாய தொறந்தாலே எங்க கட்டுறீங்க, கல்லுல பேர் வெட்டுவீங்களானுதான் கேக்குறாங்க.

நம்ம பக்கம் இதுக்கு ஆபீஸ் இல்லாம இல்ல. பொலிஸ்ல பெண்கள் சிறுவர் பிரிவு இருக்கு, டிஎஸ் ஒபிஸ்ல (பிரதேச செயலகத்துல) பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர் இருக்காங்க, பெரிய ஆஸ்பத்திரிகள்ல வீட்டுல அடி வாங்கினவங்களுக்கு உதவுற மிதுரு பியசனு ஒரு பிரிவு இருக்கு, 1938னு பெண்களுக்கான நம்பர் இருக்கு, சட்ட உதவி ஆணைக்குழு இருக்கு. பிரச்சன என்னன்னா ஒருத்தருக்கு தெரிஞ்சது அடுத்தவருக்கு தெரியாது. ஒரு அக்கானு வச்சுக்கங்க. கிளினிக்ல மருத்துவமாது மிஸ் கழுத்துல தடம் பாக்குறாங்க, தோட்டத்து டிஸ்பென்சரில "படியில வழுக்கி விழுந்துட்டேன்"னு சொல்லி பெனடோல் வாங்கிட்டு போயிருக்கு, புள்ளைங்கள பாத்துக்கிற பிள்ள மடுவத்துல அந்த அக்காவோட புள்ள கொஞ்ச நாளா யார்கூடவும் பேசுறதில்ல, செக்ரோல்ல (வேலைக்கு வந்தவங்க பேர் பதியுற புத்தகத்துல) பேர் விழாத நாள் கூடிக்கிட்டே வருது, புருஷன் ஐடென்டி கார்ட எரிச்சுட்டாருனு ஜீஎஸ் (கிராம சேவகர்) கிட்ட புதுசுக்கு கடிதம் கேட்டு வந்திருக்கு, பொலிஸ் புத்தகத்துல பழைய முறைப்பாடு எல்லாம் "சமாதானமாக முடிந்தது"னு முடிஞ்சிருக்கு. தனித்தனியா பாத்தா சாதாரண குடும்ப சண்டை. ஒரே மேசையில வச்சு பாத்தா அடுத்த சம்பள நாள் ராத்திரி என்ன நடக்கும்னு பயமா இருக்கும்.

அந்த மேசைய போடுறதுதான் எங்க வேல. இது நாங்க கண்டுபிடிச்சது இல்ல. 2003ல வேல்ஸ் நாட்டு கார்டிஃப்ல பொலிஸ், ஆஸ்பத்திரி, வீட்டு வசதி ஆக்கள், புள்ளைங்க பாதுகாப்பு ஆக்கள் எல்லாரும் ஒண்ணா குந்தி, ரொம்ப ஆபத்துல இருக்கிற பொம்பளைங்க விஷயத்த மட்டும் ஒவ்வொண்ணா எடுத்து, இன்னைக்கு யார் என்ன செய்யணும்னு பிரிச்சு எழுதிக்கிட்டு போற மாதிரி ஒரு கூட்டம் ஆரம்பிச்சாங்க, பெறகு அது பிரிட்டன் முழுக்க பரவிருச்சு. யாரு ரொம்ப ஆபத்துல இருக்கானு பாக்க அங்க 24 கேள்வி வச்சிருக்காங்க, பொதுவா 14ஓ அதுக்கு மேலயோ ஆமான்னு வந்தா கூட்டத்துக்கு போகும், ஆனா கொறைய வந்தாலும் கேள்வி கேக்குற உத்தியோகத்தருக்கு மனசுல பயம் பட்டா அனுப்பலாம். எங்களுக்கு புடிச்சது அந்த ரெண்டாவதுதான். பாதிக்கப்பட்டவங்க கூட்டத்துக்கு வர்றதில்ல, அவங்களுக்காக பேச தனியா ஒரு ஆள் இருப்பாங்க, அடிக்கிறவருக்கு இப்பிடி ஒரு கூட்டம் நடக்குறதே தெரியக்கூடாது.

சங்க நெரிச்சது, கொன்னுருவேன்னு சொன்னது, வயித்துல புள்ள இருக்கிறப்ப அடிச்சது, அவ விட்டுட்டு போறேன்னு சொன்ன பெறகு பின்னாலயே சுத்துறது, இதெல்லாம் எந்த ஊருக்கும் பொதுவான ஆபத்து. நம்ம ஊருக்குனு ஒண்ணு இருக்கு, தேயிலை செடி வெட்டுற கவ்வாத்து கத்தி. அது லயத்துல (தோட்டத்து வரிசை வீடுகள்ல) அனேகமா எல்லா காம்பராவுலயும் இருக்கு, தொழிலுக்கு வேணும், ஒளிச்சும் வைக்க ஏலாது. வெள்ளக்காரன் எழுதின கேள்வி தாள்ல அது வராது, அதனால நாங்க நம்ம ஆக்களோட குந்தி நம்ம கேள்விய நம்ம பாஷையில எழுதணும்.

இன்னொண்ணு, கொஞ்சம் கோவமாவே சொல்றோம். தோட்டத்து தலைவர் கூப்பிட்டு பேசுறது, பொலிஸ்ல வச்சு கைய குடுக்க சொல்றது, "புள்ளைங்க மொகத்த பாத்து போம்மா"னு அனுப்புறது, இது சின்ன சண்டைக்கு சரி. சங்க நெரிச்சவர்கிட்ட திருப்பி அனுப்புறதுக்கு பேர் சமாதானம் இல்ல. 2005ஆம் ஆண்டு 34ஆம் இலக்க வீட்டு வன்முறை தடுப்பு சட்டத்துல மஜிஸ்ட்ரேட் கோட்ல பாதுகாப்பு கட்டளை எடுக்கலாம், பொலிஸே அவங்க சார்பா மனு போடலாம், அவசரம்னா இடைக்கால கட்டளையும் கெடைக்கும், முழு கட்டளை 12 மாசம் வரைக்கும் குடுக்கலாம். டைவர்ஸ் எடுக்கணும்னு இல்ல, அடிச்ச காயம் காட்டியே ஆகணும்னும் இல்ல, மனசளவுல கொடும பண்றதும் அதுல அடங்கும். இது தெரிஞ்ச அக்காமார் நம்ம லயங்கள்ல எத்தன பேர்? முறைப்பாட்ட சிங்களத்துல எழுதி கையெழுத்து கேட்டா என்ன எழுதியிருக்குனே தெரியாம போட்டுட்டு வர்ற நெலமதான இன்னும் இருக்கு.

சரி, காசுக்கு வருவோம். ஒரு வருஷத்துக்கு ஆறரை லட்சம் தேவ. அதுல பெரிய செலவு 3 லட்சம், கேஸ விடாம தொடர்ந்து பாக்குற ஒரு பொம்பள ஆளுக்கு மாசம் 25,000 படி. அவங்க பொலிஸுக்கும் கூட போவாங்க, எழுதினத வாசிச்சு சொல்லுவாங்க, கோட் வாசல்ல கூட நிப்பாங்க, கூட்டத்துல அந்த அக்காவுக்காக பேசுவாங்க. இது இல்லாட்டி கூட்டம் வெறும் டீயும் பிஸ்கட்டும்தான், அப்பிடி கூட்டம் நாம நெறைய பாத்தாச்சு. அடுத்து ஒன்றரை லட்சம் ராத்திரி ஹையருக்கு, மேல் டிவிஷன்ல இருந்து மழையில ரோட்டே இல்லாத ரோட்டுல ஆட்டோ எறங்கி வரணும்னா சும்மா வராது, கையில காசில்லாம விடியுற வரைக்கும் காத்திருக்கிறதுதான் இங்க ஆபத்து. ஒரு லட்சம் வெறுங்கையோட வந்தவங்களுக்கு உடுப்பு, பால் மா, சாப்பாடு. மிச்சம் ஒரு லட்சத்துல பாதி சின்ன பட்டன் போனுக்கும் கார்டுக்கும், பாதி போட்டோகொப்பி, பஸ் காசு, பூட்டு போட்ட ஒரு இரும்பு அலுமாரிக்கு. அலுமாரி எதுக்குனு ஒரு அண்ணன் கேட்டாரு. இந்த பேப்பர் வெளிய போனா ஒரு உயிர் போகும் அண்ணே, அதுக்குத்தான்.

மாசம் 500 குடுத்தாலும் சந்தோஷம், ஒரே தரமா குடுத்தாலும் சந்தோஷம். கோயில் திருவிழா மாதிரி மைக்ல பேர் வாசிக்க மாட்டோம், உதவி வாங்கினவங்களோட போட்டோ கேக்காதீங்க, எந்த தோட்டம்னு கூட சொல்ல மாட்டோம். ஆனா ஒவ்வொரு ரூபாவும் எதுக்கு போச்சுனு மூணு மாசத்துக்கு ஒரு தரம் கணக்கு குடுப்போம், பில்லோட வந்து பாக்கலாம், ரெண்டு கையெழுத்து இல்லாம பேங்க்ல காசு எடுக்க முடியாது. தைப்பொங்கலுக்கு முன்னுக்கு பாதியாவது சேந்தா ஹையரையும் போனையும் ஆரம்பிச்சிரலாம். பொருளாளர்கிட்ட நேர்ல குடுத்து ரசீது வாங்கிக்கங்க, தூரத்துல இருக்கிறவங்க உங்க வீட்டு ஆக்கள் மூலமா கணக்கு நம்பர் கேட்டு எடுங்க.

காசில்லாதவங்களும் உதவலாம். ராத்திரி கூப்பிட்டா வர்ற ஆட்டோ தம்பிமார், சிங்களம் நல்லா வாசிக்க தெரிஞ்ச தங்கச்சிமார், ஒரு ராவுக்கு ஒரு காம்பரா ஒதுக்கி குடுக்க முடிஞ்ச டவுன் வீட்டுக்காரங்க, பேர குடுங்க. தயவு செஞ்சு தோட்டத்து வாட்ஸ்அப் குரூப்ல "நான் ரெடி"னு போடாதீங்க, அடிக்கிறவரும் அதே குரூப்லதான் இருப்பாரு. கமிட்டில யாரையாவது நேர்ல பாத்து சொல்லுங்க.